அசலூர் மாப்பிள்ளை

விம்கோ நகர் மெட்ரோ நிலையத்தில் படியிறங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, ஜெயவேலின் பை இரண்டாகக் கிழிந்தது.

கிழித்தவர்கள் இரண்டு ஷேர் ஆட்டோ டிரைவர்கள். ஒருவன் பையின் ஒரு காதைப் பிடித்து, "எண்ணூர்தானே சார்? குந்து, கெளம்பிக்கினே கீது" என்றான். மற்றவன் இன்னொரு காதைப் பிடித்து, "டேய் பேமானி, முன்னாடி நிக்கிறது என் வண்டிடா" என்றான். அப்புறம் பேச்சில்லை. முதலாமவன் விட்ட குத்து இரண்டாமவன் மூக்கில் இறங்கியது. இரண்டாமவன் தலையைக் குனிந்து முட்டியதில் முதலாமவன் ஆட்டோவின் பக்கக் கண்ணாடியோடு போய்ச் சேர்ந்தான். நடுவில் பை பிளந்து, அம்மா கட்டிக் கொடுத்த காரச்சேவு ரோடெல்லாம் கொட்டியது.

போலீசைக் கூப்பிடுவதா, ஆம்புலன்சைக் கூப்பிடுவதா என்று ஜெயவேல் யோசித்து முடிப்பதற்குள் சண்டை முடிந்துவிட்டது. மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுக இரண்டாமவன் குனிந்து, பொட்டலத்தில் மிச்சமிருந்த சேவை அள்ளி வாயில் போட்டான். முதலாமவனுக்கும் ஒரு கை கொடுத்தான்.

"சோக்கா கீது சார். எந்த ஊரு?"

"விளாத்திகுளம் பக்கம்."

இருவரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். "அருவா பார்ட்டியா?" என்று மூக்கு உடைந்தவன் மரியாதையோடு கேட்டான்.

ஜெயவேல் தேங்காய் வெட்டக்கூட அரிவாளைத் தொட்டதில்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் போல்ட்டின் விட்டத்தை அளந்து பார்க்கும் வேலை அவனுக்கு. ஆனாலும் மறுக்கவில்லை. புது ஊருக்குப் போகும்போது இப்படிச் சில சௌகரியங்கள் தானாக வரும். வேண்டாமென்று சொல்வானேன்?

ஆட்டோ நகர்ந்ததும் ஊர் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினான். "ஏலே, ஒரு விசயம் கேளுங்க. நம்மூர்ல சண்டைன்னா மூணு தலைமுறைக்கு நிக்கும். இங்க மூணு நிமிசம். அடிச்சவனும் அடிபட்டவனும் ஒரே பொட்டலத்துல சேவு திங்கானுவலே. எனக்கு இந்த ஊரு பிடிச்சிருக்கு, பாத்துக்கோங்க."

அவன் போய்க்கொண்டிருந்தது மாமனார் வீட்டுக்கு. கல்யாணமாகி ஒன்றரை வருடம் கழித்து, முதல் தடவையாக. கூட வேலை பார்த்த தேசராணியை அவன் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கட்டிக்கொண்டபோது, எண்ணூர் பழைய குப்பத்தில் மீன் பிடிக்கும் பாளையம் என்ற அவள் அப்பா வரவில்லை. "அவன் யாரு எனுக்கு? யாரோ அசலூர்க்காரன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமியார் கோகிலம்மா ஒன்றரை வருடம் அழுது அடம்பிடித்ததில், இப்போதுதான் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. தேசராணி இரண்டு நாள் முன்பே வந்துவிட்டாள்.

ரோட்டின் ஒரு பக்கம் கடல். மறுபக்கம் கன்டெய்னர் லாரிகள், தலையும் வாலும் தெரியாத வரிசை. நடுவே ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரை ஜன்னல் வழியாக இழுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். வரிசையில் ஒரு லாரி இடைவெளி விழுந்ததற்கு. ஆட்டோவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்கியபின் வழி கேட்டான். டீக்கடைக்காரர் சொன்னார்: "நேரா போ. மன்னாரு மண்டைய ஒடச்சாங்களே ஒரு கம்பம், அங்க சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. அப்பால, செவுத்துல பல்லு பதிஞ்ச வூடு ஒண்ணு வரும். அத்தத் தாண்டி மூணாவது."

ஜெயவேல் சிரித்துக்கொண்டே நடந்தான். சுவரில் நிஜமாகவே பல் பதிந்திருந்தது.

மூன்றாவது வீட்டு வாசலில் தண்ணீர் லாரி. மனைவி தேசராணி ஒரு பெண்ணின் கொண்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பிளாஸ்டிக் குடத்தால் தேசராணியின் முதுகில் தொம் தொம்மென்று போட்டுக்கொண்டிருந்தாள். ஒரகடத்தில் "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லி நடக்கும் தேசராணி!

"வந்துட்டியா? கொஞ்சம் நில்லு" என்றாள் கணவனைப் பார்த்து. எதிராளியை இன்னும் இரண்டு உலுக்கு உலுக்கினாள். பிறகு குடம் நிரம்பியதும், அதே பெண்ணின் இடுப்பில் அதைத் தூக்கி வைத்து உதவினாள். "பாத்துப் போ யசோதா, வழுக்கும்."

"யாருடி, உன் ஊட்டுக்காரரா? செவப்பா கீறாரு" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

கோகிலம்மா ஆரத்தி எடுத்தாள். "வாங்க மாப்ள. நம்ம வூட்டு ஆளு நீங்க. கூச்சப்படக் கூடாது" என்று பத்து தடவை சொன்னாள். பாளையம் கூடத்து மூலையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிலும் கயிறு மாதிரி முறுக்கிய கைகள். நிமிரவில்லை. சுவரைப் பார்த்து, "வந்தவர சாப்டச் சொல்லு" என்றார். பிறகு சுவரிடமே, "வந்தவருக்கு ஃபேன் போடு" என்றார். வந்தவர் சாப்பிட்டார், வந்தவர் ஃபேனுக்கடியில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை நேராக வரவில்லை.

பேசியதெல்லாம் மைத்துனன் துரைதான். தேசராணியின் அண்ணன், முப்பத்திரண்டு வயது, சிரித்தால் வீடு அதிரும்.

"கரெக்டான டயத்துக்கு வந்துகீற மாப்ள. திங்கக்கெழம நம்ம பாடு."

"பாடுன்னா?"

துரை தரையில் விரலால் ஆற்றை வரைந்து காட்டினான். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். இறால் மேய்வது அங்கேதான். எல்லோரும் ஒரே நாளில் போய் வலை போட்டால் வெட்டுக்குத்துதான். அதனால் குப்பத்துக்குக் குப்பம், வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைதான் பாடு. ஒருவன் பாடு நாளில் இன்னொருவன் வலை வீசினால், வீசினவன் வீட்டுக்கு ஒரு வருடம் பாடு கிடையாது.

"எட்டு மாசமா பள்ளத்துல கரண்டு கம்பெனி சாம்பலும் சுடுதண்ணியும்தான். போன வாரந்தான் இறா ஏறிச்சு. நாளைக்கு முனைக்குப்பத்து பிராங்கிளின் பாடு. நாளன்னிக்கு நம்மளுது. இத்த வுட்டா இந்த வருசம் அடுப்பு எரியாது மாப்ள. நைனா நாலு நாளா தூங்கல."

மூலையில் வலைஊசி ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

சாயங்காலம் துரை மணலில் வைத்து அவனுக்கு வீச்சு வலை வீசக் கற்றுக் கொடுத்தான். பதினொரு தடவை வீசினான். பதினொரு தடவையும் வலை ஈரத்துணி மாதிரி ஒரே குவியலாக விழுந்தது. பன்னிரண்டாவது தடவை அவன் காலிலேயே விழுந்தது. குப்பமே சிரித்தது.

ஞாயிறு காலை துரை அவனை ஃபைபர் படகில் ஏற்றி ஆற்றைச் சுற்றிக் காட்டினான். அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுகள், குழாய்கள், நடுவே வெள்ளை வெள்ளையாய்க் கொக்குகள். ஜெயவேல் பார்த்ததற்கெல்லாம் வீடியோ எடுத்தான். ஓரிடத்தில் சேற்றில் ஒரு கொம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"அந்தக் கொம்புக்கு இந்தாண்ட யாரு வேணா வீசலாம். அந்தாண்ட பள்ளம். அங்க இன்னிக்கு பிராங்கிளின் பாடு" என்றான் துரை.

சொல்லி வாய் மூடவில்லை, மோட்டாரில் கோரை சுற்றி இன்ஜின் நின்றது. துரை பின்பக்கம் குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் கைவிட்டு விசிறியில் சுற்றிய புல்லை அறுத்தெடுக்க ஆரம்பித்தான்.

ஜெயவேலுக்கு வலை கண்ணில் பட்டது. கொம்பைப் பார்த்தான். கொம்பு முன்னால், பத்தடி தள்ளி இருந்தது. ஆக, நாம் இந்தப் பக்கம். யார் வேண்டுமானாலும் வீசலாம். போனை ஐஸ் பெட்டியில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டான். ஓரத்தைப் பல்லில் கடித்து, வலையை முழங்கையில் மடித்துத் தோளில் போட்டு, கேமராவுக்கு ஒரு சிரிப்பும் சிரித்துக்கொண்டான். இதற்கெல்லாம் நாலு நிமிடம் ஆனது.

கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு நின்ற இடம் நின்ற இடத்திலேயே இருக்கும். நாலு நிமிடம் என்ன, நாலு வருடம் கழித்துப் பார்த்தாலும் பனைமரம் அதே திசையில்தான் நிற்கும். இன்ஜின் நின்ற படகைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும், வற்றும் நேரத்தில் முகத்துவாரம் பார்த்து விறுவிறுவென்று போகும் என்பது அவன் கணக்கிலேயே இல்லை. கொம்பு இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

வீசினான். வாழ்க்கையில் முதல் தடவையாக வலை வட்டமாக விரிந்தது. தட்டு மாதிரி, அவ்வளவு அழகாக! இழுத்தபோது கனத்தது. சாண் நீள இறால்கள் துள்ளின.

"மச்சான்! பாருங்க!"

துரை திரும்பினான். இறாலைப் பார்த்தான். கொம்பைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னா பண்ட்டே மாப்ள..."

அடுத்த கணம் ஒரு படகு முழு வேகத்தில் வந்து இவர்கள் படகின் விலாவில் மோதியது. வற்றும் நீர் திரும்பட்டும், அப்புறம் வலை போடலாம் என்று காலையிலிருந்து காத்திருந்த பிராங்கிளினும் அவன் ஆட்கள் மூன்று பேரும். பிராங்கிளின் ஆறடிக்கு மேல், கையில் துடுப்பு.

"எவன்டா வீசுனது? பள்ளமே கலைஞ்சு போச்சேடா! எட்டு மாசம் கயிச்சு வந்த இறாடா!"

துடுப்பு ஜெயவேலின் மண்டைக்குக் குறிவைத்து உயர்ந்தது. துரை குறுக்கே பாய்ந்தான். "அவர வுடு! நான்தான் வீசுனேன்!"

இறங்கிய துடுப்பு துரையின் கழுத்தெலும்பில் பட்டது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். துரை முழங்காலில் விழுந்தான்; விழுந்தவன் கையில் கிடைத்த நங்கூரக் கயிற்றைச் சுழற்றியதில் முனைக்குப்பத்து ஆள் ஒருவனின் தாடை பிளந்தது. இன்னொருவன் ஜெயவேலின் சட்டையைப் பிடித்து ஆற்றுக்குள் எறிந்தான்.

"நீச்சல் தெரியாது! காப்பாத்துங்க! அய்யோ, சாகப்போறேன்!" என்று ஜெயவேல் அலறினான். பிராங்கிளின் அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

"சாவறதுக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும் தம்பி" என்றான் பிராங்கிளின், அந்தக் கோபத்திலும்.

செய்தி எப்படித்தான் பறக்குமோ, படகுகள் கரை சேருவதற்குள் இரண்டு குப்பமும் மணலில் இறங்கிவிட்டன. நாற்பது பேர் இருக்கும். துடுப்பு, உருட்டுக்கட்டை, ஐஸ் உடைக்கும் கட்டை. ஒருவன் காது பாதி தொங்கியது. ஒருவன் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வயிற்றில் மிதித்தார்கள். நேற்று தேசராணியைக் குடத்தால் அடித்த அதே யசோதா, இன்று தேசராணிக்குத் தோளோடு தோள் நின்று மீன்கூடையை ஓங்கி முனைக்குப்பத்துத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பாளையம் பேசாமல் அடித்தார். அவர் கை பட்ட ஆள் எழுந்திருக்கவில்லை.

ஜெயவேல் ஒரு கவிழ்த்த படகுக்குப் பின்னால் பதுங்கினான். இந்தச் சண்டை மூன்று நிமிடத்தில் முடியவில்லை. யாரும் யாருக்கும் சேவு கொடுக்கவில்லை. மணலில் ரத்தம் கறுப்பாய் ஊறியது.

பஞ்சாயத்துப் பெரியவர் துலுக்காணம் வந்து நட்டநடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அடி நின்றது. அவர் உட்கார்ந்தால் கை ஓங்கக் கூடாது என்பது இரு குப்பத்துக்கும் பொது வழக்கம். ஏற்கெனவே கிளம்பிவிட்ட ஒரு குத்து மட்டும் போய்ச் சேர்ந்தது. குத்தியவன், "சாரி பெருசு, வுட்டது வுட்டாச்சு" என்றான்.

துலுக்காணம் விசாரித்தார். துரை தொங்கும் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் வீசுனேன்" என்றான் மறுபடியும்.

"அப்போ பேச இன்னா கீது? பாளையத்து வூட்டுக்கு ஒரு வருசம் பாடு கெடையாது. நாளைக்கும் கெடையாது."

கோகிலம்மா மணலில் தொப்பென்று உட்கார்ந்தாள். பாளையம் ஆற்றைப் பார்த்தார்.

ஜெயவேல் தேசராணியின் காதோரம் கேட்டான். "நாந்தான் வீசுனேன்னு சொன்னா?"

"அசலூர்க்காரன் வந்து வீசுனா அவனுக்கு ஏது பாடு, புடுங்கறதுக்கு? ஒடம்புதான். பாடு கெட்டவன் படகுல எத்தினி பேரோ, ஆளுக்கு ஒரு அடி." சொல்லிவிட்டுத்தான் அவன் முகத்தைப் பார்த்தாள். "யோவ், வாணாம். நாலு பேரு. அதுல ஒருத்தன் பிராங்கிளின்."

ஜெயவேலின் கால் பின்னால் போகத்தான் பார்த்தது. துரையின் தோளில் எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றதைப் பார்த்தான். படகில் கிடந்த போனை எடுத்து வந்து, துலுக்காணம் கையில் கொடுத்தான். சிவப்புத் துணிக் கொம்பு பின்னால் தெரிய, ஜெயவேல் பல்லைக் காட்டிச் சிரித்து வலை வீசுவது பளிச்சென்று ஓடியது.

கூட்டம் கொதித்தது. பிராங்கிளின் கையை உயர்த்தினான். "இரு பெருசு. இவன் பாளையத்து மருமவன். மருமவன்னா வூட்டு ஆளுதானே? வூட்டு ஆளு செஞ்சா வூட்டுக்குத்தான் தண்டன!"

நியாயமான கேள்வி. துலுக்காணம் தாடையைச் சொறிந்தார். "பாளையம், நீ சொல்லு. இவரு உன் வூட்டு ஆளா, இல்லியா?"

ஒன்றரை வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒரே வார்த்தை. இப்போது சொன்னால் பாடு நிற்கும். பாளையத்தின் வாய் திறந்தது. மூடியது. ஒற்றை வார்த்தை, அசலூர்க்காரன் என்று. அது வரவே இல்லை.

"நான் சொல்லுதேன்" என்று ஜெயவேல் முன்னால் வந்தான். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. "நான் எப்படிய்யா வீட்டு ஆளு? எங்க கல்யாணத்துக்கு இவுக யாரும் வரல. நேத்துதான் முத முத வாசல்ல கால் வச்சேன். ஒன்றரை வருசத்துல மாமா எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனதில்ல. எவரையும் கேட்டுப் பாருங்க. நான் அசலூர்க்காரன்."

கோகிலம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பிராங்கிளின் அவனை மேலும் கீழும் பார்த்தான். "சரி" என்றான் மெதுவாக. "அசலூரு."

நால்வரும் வரிசையில் நின்றார்கள். அப்போது பாளையம் விறுவிறுவென்று வந்து ஜெயவேலின் முன்னால் நின்றார். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அவன் கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"நாக்க உள்ள இயுத்துக்கோ. பல்லக் கடி. கால அகட்டி நில்லு. அடி வரும்போது மூஞ்சியத் திருப்பாத, கயுத்து போய்டும்."

முதல் அடி கன்னத்தில். இடது காதுக்குள் மணி அடித்தது. "ஒண்ணு" என்று தேசராணி உரக்க எண்ணினாள். இரண்டாவது வயிற்றில், காலையில் தின்ற ஆப்பம் மணலில் விழுந்தது. "ரெண்டு." மூன்றாமவன் தாடை பிளந்தவன், ரத்தம் சொட்டச் சொட்ட வந்து கண்ணுக்குக் கீழே குத்தினான். ஜெயவேல் விழுந்தான். துலுக்காணம் நாற்காலியிலிருந்து, "எயுந்தாத்தான் நாலாவது. எயுந்திருக்காட்டி பஞ்சாயத்து முடியாது" என்றார்.

எழுந்தான். நாக்கை உள்ளே இழுத்தான். பல்லைக் கடித்தான். காலை அகட்டினான். பிராங்கிளினின் முஷ்டி வருவது தெரிந்தது; முகத்தைத் திருப்பவில்லை.

"நாலு" என்று தேசராணி சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்தபோது ஜெயவேல் கரையில், கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்திருந்தான். கடைவாய்ப்பல் ஒன்று போயிருந்தது. தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. துரை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருக்க, அவன் இடத்தில் தேசராணி துடுப்பு பிடித்தாள். ஆறு ஒதுங்கி வழிவிட்டது. முனைக்குப்பத்துப் படகு ஒன்று கொம்புக்கு இந்தாண்டையே நின்றது. பிராங்கிளின் அதில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே, பாளையத்தின் படகையும் கரையில் இருந்தவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அசலூர்க்காரன் தண்ணீரில் கால் வைத்து வீட்டு ஆளாகிறானா என்று.

ஜெயவேல் வைக்கவில்லை. படகு கனத்துத் தாழ்ந்து திரும்பியது. கூடை கூடையாய் இறால். கை கொடுக்க எழுந்தவன், அலை வந்து தொடும் இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுகொண்டான். பாளையம் முதல் கூடையைத் தானே சுமந்து வந்து, அவன் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

மணலிலேயே அடுப்பு மூட்டினாள் கோகிலம்மா. குழம்பு கொதித்ததும் வழக்கம்போல் வாய் திறந்தாள்.

"மாப்..."

பாளையம் இருமினார். பிராங்கிளின் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தான்; மாப்பிள்ளை என்ற பேச்சு அவன் காதில் விழுந்தால் பாடு போய்விடும். இன்னும் ஒரு வருடத்துக்குப் பாடு இருக்கிறது. இன்னும் ஒரு வருடத்துக்கு வார்த்தை தவறக் கூடாது. கோகிலம்மா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். பிறகு குப்பம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"ஏ அசலூரு! கொயம்பு ஆறிக்கினு கீது, துன்ன வா!"

மெல்ல முடியாதே என்று அவன் தாடையைத் தொட்டுக் காட்டினான். "தெரியும், அம்மியில அரைச்சு வச்சுகீறேன்" என்றாள் அவள்.